துப்பாக்கியும் துப்பும்

என் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்த சில வாரங்களில் ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. எழுதியவர் ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, பழுது பார்த்துக் கணக்கு எழுதி வைக்கும் வேலை. கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லா இருக்கு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. என் கதை ஒன்றில் கொலைகாரன் ரிவால்வரால் சுடுவான், காலித் தோட்டா தெறித்துத் தரையில் உருண்டு ஓடும், அந்த 'கிணுங்' சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை விழிக்கும். அந்தக் கிணுங்கை நான் மிகவும் ரசித்து எழுதியிருந்தேன். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "தம்பி, ரிவால்வர் கூட்டை வெளிய துப்பாது. சுட்டதை வயித்துக்குள்ளயே வச்சுக்கும். நாமதான் திறந்து கொட்டணும். துப்புறது பிஸ்டல். உங்க குழந்தை எப்படி முழிச்சதுன்னு யோசிச்சுப் பாருங்க."

குழந்தை துப்பாக்கிச் சத்தத்திலேயே விழித்திருக்கும் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என் கொலைகாரன் சைலன்சர் வேறு மாட்டியிருந்தான். ரிவால்வரில் சைலன்சர்! சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது, வாயு அதன் வழியே பீறிட்டுப் போய்விடும், முனையில் எதை மாட்டினாலும் பெரிய பயனில்லை என்று அடுத்த கடிதத்தில் எழுதினார். ரஷ்யாவின் நகான் ரிவால்வர்தான் பிரபலமான விதிவிலக்கு. சுடும் நேரத்தில் அதன் உருளை முன்னால் நகர்ந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். என் கதை நடந்ததோ திருச்சியில், ஒரு லாட்ஜில்.

இதை முன்வைத்துத்தான் இந்தக் கட்டுரை. ஒரு பொருளைப் பற்றிய தகவல் பிழை, கதையில் எவ்வளவு தூரம் பிழை? உண்மையிலேயே ஏதாவது கெட்டுப்போகிறதா, அல்லது பண்டிதர்கள் மட்டும் பல்லைக் கடிக்கிறார்களா? எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விக்கு மிகச் சுவையான உதாரணம் இயன் ஃப்ளெமிங்கிடம் இருக்கிறது. சிரிக்க வேண்டாம். ஜேம்ஸ்பாண்டை இலக்கியப் பத்திரிகையில் பேசுவது குற்றமில்லை. ராணி காமிக்ஸ் 1984இல் பாண்டோடு தொடங்கிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஜெய்சங்கரை 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று அழைத்த ஊர் இது.

1956 மே மாதம் ஃப்ளெமிங்குக்கு கிளாஸ்கோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜெஃப்ரி பூத்ராய்ட். ஐ.சி.ஐ. ரசாயன நிறுவனத்தில் வேலை, துப்பாக்கிகளில் பித்து. அதுவரை வந்த நாவல்களில் பாண்ட் வைத்திருந்தது .25 காலிபர் பெரெட்டா. முதல் நாவலான 'கேசினோ ராயல்' (1953) தொட்டு அதுதான் அவன் ஆயுதம். பூத்ராய்டின் குற்றச்சாட்டு: இது பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி, அதிலும் நல்ல பெண்கள் வைத்துக்கொள்வது இல்லை என்ற தோரணையில் இருந்தது. மாற்றாக அவர் பரிந்துரைத்தது ஸ்மித் அண்ட் வெஸனின் இலகுவான .38 ரிவால்வர், அதற்கு பெர்ன்ஸ்-மார்ட்டின் உறை.

நம்மூர் எழுத்தாளராக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். 'வாசகர் கடிதம்' பகுதியில் நான்கு வரியாகச் சுருக்கிப் போட்டு, கீழே 'கற்பனைக்குச் சுதந்திரம் உண்டு – ஆசிரியர்' என்று ஒரு வரி. ஃப்ளெமிங் பதில் எழுதினார். கையில் இருக்கும் 'ஃபிரம் ரஷ்யா, வித் லவ்' முடிந்துவிட்டது, மாற்றத்தை அடுத்த நாவலில் செய்கிறேன் என்றார். மேலும் மேலும் கேட்டார். பூத்ராய்ட் தன் சொந்த ரிவால்வரை அந்த நாவலின் அட்டை ஓவியத்துக்கு மாதிரியாக இரவல் கொடுத்தார். ரிச்சர்ட் சாப்பிங் வரைந்த அந்த ரோஜாவும் ரிவால்வரும் அப்படி வந்தவை. 1958இல் 'டாக்டர் நோ' வந்தபோது அதன் இரண்டாம் அத்தியாயத்தில் மேஜர் பூத்ராய்ட் என்ற ஆயுத அதிகாரி நாவலுக்குள்ளேயே நின்றிருந்தார். குறை சொன்னவரைக் கதாபாத்திரமாக்கி, அவர் வாயாலேயே தன் நாயகனைத் திட்ட வைப்பதற்குப் பெரிய மனசு வேண்டும். திரைப்படங்களில் பின்னால் 'க்யூ' என்று உலகம் முழுக்கத் தெரிந்த பாத்திரத்தின் பெயரும் மேஜர் பூத்ராய்ட்தான். கிளாஸ்கோ குமாஸ்தா மேஜையில் எழுதப்பட்ட ஒரு கடிதம் போய்ச் சேர்ந்த இடம் அது.

அந்த அத்தியாயத்தை சமீபத்தில் மறுபடி படித்தேன். வழக்கமாக இதை ஒரு தளவாட விளம்பரம் போலக் கடந்துபோய்விடுவார்கள். எனக்கு அது ஒரு அவமானக் காட்சியாகப் படுகிறது. முந்தைய நாவலின் கடைசியில் பாண்ட் பெரெட்டாவை உருவப் பார்க்கிறான், சைலன்சர் இடுப்பில் சிக்கிக்கொள்கிறது, விஷம் தோய்ந்த கத்தி அவன் காலில் இறங்குகிறது. அவன் மேலதிகாரி எம். அதை மறக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து மீண்டு வந்தவனை முன்னால் நிறுத்தி, மூன்றாவது மனிதர் ஒருவரை அழைத்து, இவனுடைய துப்பாக்கியைப் பற்றிச் சொல் என்கிறார். பதினைந்து வருஷம் பழகிய ஆயுதம், ஒருமுறைகூடக் காலை வாரவில்லை என்று பாண்ட் வாதாடுகிறான். எடுபடவில்லை. ஒரு மனிதனின் தகுதியை நேராகக் கேள்வி கேட்காமல், அவன் கைப்பொருளைக் கேள்வி கேட்டே அவனைச் சிறுமைப்படுத்தும் அலுவலகத் தந்திரம் நமக்குப் புதியதா என்ன? இருபது வருஷம் ஓட்டிய டிரைவரிடம், வண்டி சரியில்லை என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்வது போல. இந்தக் காட்சி நிற்பது துல்லியத்தால். 'சின்னத் துப்பாக்கி, பெரிய துப்பாக்கி' என்று எழுதியிருந்தால் அவமானம் பொதுவாக ஆகியிருக்கும். .25 என்றும் 7.65 என்றும் எழுதியதால் அது குறிப்பாகக் குத்துகிறது.

அவனுக்குக் கிடைப்பது வால்தர் பி.பி.கே., 7.65 மி.மீ. இந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

வால்தர் நிறுவனம் ஜெர்மனியின் துரிங்கியாவில் ஸெல்லா-மேலிஸ் என்ற ஊரில் இருந்தது. 1929இல் சீருடைப் போலீஸுக்காக பி.பி. என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தார்கள். அதன் குட்டைத் தம்பி, சட்டைக்குள் மறைத்துக்கொள்ளத் தோதானது, பி.பி.கே. குழல் 83 மி.மீ. நம் ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். மேகசினில் ஏழு தோட்டா. செமி-ஆட்டோமேட்டிக் என்றால் பலர் நினைப்பதுபோல விசையைப் பிடித்தால் சடசடவென்று கொட்டாது. ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு. தானாக நடப்பது மற்ற வேலைகள்: காலிக் கூட்டை உருவி எறிவது, சுத்தியலை மறுபடி பின்னுக்குத் தள்ளி நிறுத்துவது, அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து தள்ளி அறைக்குள் ஏற்றுவது. இத்தனையும் செய்வது சுட்ட தோட்டாவின் பின்னுதைதான். பி.பி.கே.யில் குழல் அசையாது. மேலே இருக்கும் ஸ்லைடைக் குழலோடு பூட்டி வைக்கவும் எதுவும் இல்லை. ஸ்லைடின் எடையும் குழலைச் சுற்றியிருக்கும் சுருள்வில்லும்தான் அந்த நொடியில் தாக்குப்பிடிக்கின்றன. குண்டு முன்னால் போகும், கூடு பின்னால் தள்ளும், குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியபின் ஸ்லைடு திறக்கும். 9 மி.மீ. பாரபெல்லம் போன்ற முரட்டுத் தோட்டாவுக்கு இந்த எளிய ஏற்பாடு போதாது, பூட்டு வேண்டும். ஆக, துப்பாக்கியின் உருவத்தைத் தீர்மானிப்பதே தோட்டாதான். நாம் எழுதும்போது தலைகீழாக நினைக்கிறோம்.

அந்தத் தோட்டாவைச் செய்தவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். 1899ஆம் ஆண்டு வாக்கில் பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலைக்காக வடிவமைத்தது. ஐரோப்பாவில் 7.65 பிரௌனிங் என்பார்கள், அமெரிக்காவில் .32 ஏ.சி.பி. குண்டின் எடை 71 கிரெய்ன், ஏறக்குறைய 4.6 கிராம், தங்க நாணயக் கணக்கில் அரைச் சவரனுக்குச் சற்று மேல். பாண்டிடமிருந்து பறிக்கப்பட்ட .25இன் குண்டு 50 கிரெய்ன். கூட்டின் அடியில் ஒரு சின்ன விளிம்பு லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். அந்த விளிம்பில்தான் வம்பு. மேகசினில் மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் இரண்டும் கொக்கி போட்டு நின்றுவிடும். ஆர்மரர் இதை "மாமியா மருமக சண்டை" என்று எழுதியிருந்தார். "ரெண்டும் ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிட்டு வாசப்படிலயே நிக்கும். யாரும் உள்ள போக முடியாது."

நம் வாசகர்களுக்கு இந்தத் தோட்டாவோடு ஒரு நேரடி உறவு உண்டு. இந்தியச் சட்டப்படி 9 மி.மீ. ராணுவத் தோட்டாவைச் சுடும் பிஸ்டல் சாதாரணக் குடிமகனுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. லைசென்ஸ் வாங்கியவர் பிஸ்டல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் பெரும்பாலும் .32தான். அரசு ஆயுதத் தொழிற்சாலைகளே .32 பிஸ்டல் செய்து விற்கின்றன. எனவே நம் மாதநாவல்களில் வரும் தொழிலதிபர் மேஜை டிராயரைத் திறந்து 'பளபளக்கும் 9 எம்.எம். பிஸ்டலை' எடுக்கும்போது, அவர் ஏற்கெனவே சட்டத்தை மீறியவர். கதாசிரியருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே ஒரு கதை இருக்கிறது.

பி.பி.கே.யின் இன்னொரு விசேஷம் அதன் விசை. தோட்டா ஏற்றி, சுத்தியலைப் பத்திரமாக இறக்கி வைத்துக்கொண்டு திரியலாம். அவசரத்தில் எடுத்து அப்படியே விசையை இழுத்தால், நீளமாக, கனமாக இழுபட்டு, சுத்தியலைத் தானே தூக்கி அடிக்கும். இரண்டாவது குண்டுக்கு ஸ்லைடு ஏற்கெனவே சுத்தியலைத் தூக்கிவிட்டிருக்கும் என்பதால் விசை பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். அதாவது முதல் குண்டு கஷ்டம், இரண்டாவது சுலபம். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஃப்ளெமிங் இதை விட்டுவிட்டார் என்பது எனக்கு அவர்மேல் உள்ள நிஜமான மனக்குறை. பெயர்களையும் எண்களையும் பூத்ராய்டிடமிருந்து வாங்கிக்கொண்டவர், பொருளின் உள்ளே போகவில்லை. 7.65 தோட்டா வைத்த பி.பி.கே.யில் சுத்தியலுக்கு மேலே ஒரு சின்ன ஊசி எட்டிப் பார்க்கும், அறைக்குள் தோட்டா இருக்கிறது என்பதற்கு அடையாளமாக. இருட்டில் கட்டைவிரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். இருட்டறையில் ஒருவன் அந்த ஊசியைத் தடவிப் பார்க்கும் ஒரு வரிக்காக நான் பாண்டின் பத்து மார்ட்டினிகளைத் தள்ளுபடி செய்யத் தயார்.

போதாததற்குப் பூத்ராய்ட் சொன்னதையும் குழப்பிக்கொண்டார். பெர்ன்ஸ்-மார்ட்டின் உறை ரிவால்வருக்கானது. அதன் பிடிப்பே ரிவால்வரின் உருண்ட வயிற்றைக் கவ்விக்கொள்வதில்தான் இருக்கிறது. தட்டையான பி.பி.கே.யை அதில் வைக்கச் சொன்னது ஃப்ளெமிங். நிபுணரிடம் கேட்டு, நிபுணரையே பாத்திரமாக்கி, அவர் வாயாலேயே தப்பாகச் சொல்ல வைத்துவிட்டார். பாவம் பூத்ராய்ட்.

திரைப்படத்துக்கு வருவோம். 1962இல் 'டாக்டர் நோ' படமானபோது அதே காட்சி அதே மேஜையில் நடக்கிறது. பாண்டின் பெரெட்டா எடுபிடிக்குக்கூட ஆகாது என்ற பாவனையில் ஒதுக்கப்படுகிறது, வால்தர் கொடுக்கப்படுகிறது. கண்ணாடி ஜன்னலில் செங்கல்லை எறிந்தாற்போல அடிக்கும் என்று அதற்குப் புகழாரம். போகிற போக்கில் பாண்ட் பழைய துப்பாக்கியைக் கமுக்கமாக எடுத்துப் போகப் பார்ப்பதும், எம். தலையைத் தூக்காமலே தடுப்பதும் அழகு. ஆனால் கூர்ந்து பார்த்தால் கொடுக்கப்படுவது பி.பி.கே. இல்லை, அண்ணன் பி.பி. பறிக்கப்படுவதும் .25 பெரெட்டா இல்லை. அது பெரெட்டா எம்.1934. அதன் தோட்டா 9 மி.மீ. கோர்ட்டோ, அதாவது .380, குண்டு 95 கிரெய்ன். எனவே திரையில் நாம் பார்ப்பது, கனமான தோட்டாவை வாங்கிக்கொண்டு இலகுவானதைக் கையில் கொடுத்து 'இனி நீ பலசாலி' என்று அனுப்பி வைக்கும் கூத்து.

முதலில் இதைத் தெரிந்துகொண்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். நண்பர்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னேன். ஆர்மரரிடமும் சொன்னேன். அப்போது நாங்கள் போனில் பேச ஆரம்பித்திருந்தோம். அவர் சிரிக்கவில்லை. "எம் முப்பத்தி நாலா? அது காந்தியைச் சுட்டதுல்ல" என்றார்.

அதேதான். 1948 ஜனவரி 30, டெல்லி பிர்லா மாளிகையில் கோட்ஸே கையில் இருந்தது பெரெட்டா எம்.1934. மூன்று குண்டுகள். பள்ளிப் பாடத்தில் தேதி உண்டு, இடம் உண்டு, நேரம் உண்டு. துப்பாக்கியின் பெயர் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இருக்கத் தேவையில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் படத்தில் எடுபடாத சாமான் என்று மேஜையில் தள்ளி வைக்கப்படும் அந்தக் கறுப்பு உலோகத்தை இப்போது என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. காட்சியின் நகைச்சுவை அப்படியே இருக்கிறது, நான்தான் அதற்கு வெளியே போய்விட்டேன். 'தடுத்து நிறுத்தும் சக்தி' என்று நிபுணர்கள் விவாதிப்பார்கள், எந்தத் தோட்டா போதும், எது போதாது என்று. எழுபத்தெட்டு வயது, சில நாட்களுக்கு முன்புதான் உண்ணாவிரதத்தை முடித்த உடம்பு. அந்த உடம்புக்கு முன்னால் அந்த விவாதத்தை வைத்துப் பார்த்தேன். அதன்பிறகு கிரெய்ன் கணக்குகளை உற்சாகமாகச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரையிலும் மேலே சொல்லியிருக்கிறேன். கூச்சத்தோடுதான்.

பொருளின் தகவல் பிழையால் என்ன கெடுகிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த ஒரு பதில் இதுதான்: பொருள்களுக்குக் கதைக்கு வெளியே ஒரு சரித்திரம் இருக்கிறது. வேறு பொருளை எடுத்து வைத்தால் வேறு சரித்திரம் கூடவே வந்துவிடும், கதாசிரியரின் அனுமதி இல்லாமல். சரித்திரம் எழுதுபவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1914இல் சரயேவோவில் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்ட பிஸ்டல் 7.65 பிரௌனிங் என்று வெகுகாலம் பல புத்தகங்களில் இருந்தது. அதுவும் .380தான்.

தமிழில் நம் சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. ரைபிளும் துப்பாக்கி, ரிவால்வரும் துப்பாக்கி, பிஸ்டலும் துப்பாக்கி. தோட்டா என்றால் முழுசா, பறந்து போகும் குண்டு மட்டுமா? 'தோட்டா பாய்ந்தது' என்று எழுதுகிறோம், கூடு, மருந்து எல்லாம் சேர்ந்து பாய்ந்தது போல. குதிரை என்றால் சிலருக்கு விரல் தொடும் விசை, சிலருக்குப் பின்னால் நிற்கும் சுத்தியல். இவ்வளவு குழப்பத்திலும் ஒரு அழகு இருக்கிறது. துப்பாக்கி துப்புகிறது, துப்பியதே துப்பு ஆகிறது. பிஸ்டல் எறிந்த கூட்டில் ஊசியின் தடம், உருவியின் கீறல் எல்லாம் பதிந்திருக்கும். எந்தத் துப்பாக்கி என்று அதை வைத்துச் சொல்ல முடியும். ரிவால்வர்காரன் துப்பை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவான். துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போனால், அவன் வேறு எதைத் தெரிந்துகொண்டு எழுதுகிறான்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அதைவிடப் பெரிய குறை: நம் கதைகளில் துப்பாக்கி பழுதாவதே இல்லை. குறி தவறும், தட்டிவிடப்படும், குண்டு தீர்ந்துபோகும். சிக்கிக்கொள்ளாது. 1974 மார்ச் 20 அன்று லண்டன் மால் சாலையில் இளவரசி ஆனைக் கடத்த ஒருவன் காரை மறித்தான். மெய்க்காவலர் ஜேம்ஸ் பீட்டன் இறங்கி ஒருமுறை சுட்டார், படவில்லை. அடுத்த முறை அவர் பிஸ்டல் சிக்கிக்கொண்டது. அது வால்தர் பி.பி.கே. பாண்டுக்குப் பதவி உயர்வாகக் கொடுக்கப்பட்ட அதே வகை. பீட்டன் மூன்று குண்டுகளை உடம்பில் வாங்கினார், கையால் மறைத்தார், காருக்குள் இளவரசிக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் போய் நின்றார். பிழைத்தார், ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றார். அதன்பிறகு காவல்துறை அந்த பிஸ்டலைக் கைவிட்டது. துப்பாக்கி வேலை செய்யாமல் போன இடத்திலிருந்துதான் அந்த மனிதர் நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறார்.

என் தொகுப்பின் மறுபதிப்பு இந்த வருஷம் வருகிறது. அந்தக் கதையைத் திருத்த உட்கார்ந்தேன். ரிவால்வரை பிஸ்டல் ஆக்கினால் போதும், கிணுங் பிழைத்துக்கொள்ளும், ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். மாற்றினேன். உடனே இன்னொன்று உதைத்தது. கூடு வெளியே விழுந்துவிட்டது என்றால் கொலைகாரன் அதை விட்டுவிட்டுப் போக மாட்டானே? தேடணும். விளக்குப் போட முடியாது. பக்கத்து அறையில் குழந்தை அழுகிறது. அவன் கட்டிலுக்கடியில் மண்டியிட்டு, லாட்ஜ் தரையில் கையால் துழாவிக்கொண்டிருக்கிறான். பழைய கதையில் அவன் கதவைச் சாத்திவிட்டு மிடுக்காக வெளியேறுவான். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். இரண்டு பக்கம் கூடியிருக்கிறது, பதிப்பாளருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆர்மரருக்குப் போனில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "இப்ப சரி" என்றார். பிறகு, "கூடு சூடா இருக்கும் தம்பி. உடனே எடுக்கிறான்னா கையில சுடும், கீழ போட்டுருவான்" என்றார். மறுபடி கிணுங்.